ஜெசிந்தா என்ற பயனர் இல்லை

செவ்வாய்த் தளம், நாள் 212, காலை 8:00

இந்தத் தளத்தின் கதவு, காற்று, தண்ணீர் எல்லாமே ஒரே தரவுத்தளத்தின் பேச்சைத்தான் கேட்கும். அதன் நிர்வாகி நான், குணாளன். இன்று கடவுச்சொற்களை மாற்றும் நாள். எதையும் மாற்றும் உரிமை முதன்மைக் கணக்குக்கு மட்டும்தான். அதன் கடவுச்சொல்லில் பாதி என்னிடம், பாதி பொறியாளர் ஜெசிந்தாவிடம். இருவரும் சேர்ந்துதான் திறந்தோம். அவள் பாதிக்கு மறுபடியும் மகள் பெயரையே வைத்தாள். கடிந்துகொண்டேன். "எண்ணே, செவ்வாய்ல எந்தக் களவாணி வரப்போறான்?" என்று தூத்துக்குடி இழுவையில் சிரித்தாள். இங்கே இருப்பதே நாங்கள் இருவர்தான். இருந்தாலும் விதி விதிதான்.

காலை 9:20

ஜெசிந்தா ஆன்டெனாவில் படிந்த தூசியைத் துடைக்க வெளியே போயிருக்கிறாள். முதன்மைக் கணக்கை மூடுமுன் ஒரு களையெடுப்பு. பூமிக்குத் திரும்பிவிட்ட ராயப்பனின் கணக்கு இன்னும் கிடந்தது. நீக்கினேன். 'அவர் சேர்த்தவற்றையும் நீக்கவா?' என்று கேட்டது. இதையெல்லாமா கேட்பார்கள்? ஆம் என்றேன். பட்டியல் இப்போது பார்க்கவே சுத்தமாக இருக்கிறது.

காலை 11:05

வானொலியில் ஜெசிந்தா: "எண்ணே, கதவு தொறக்க மாட்டேங்கு. யாருன்னு கேக்கு."

திரையில் பார்த்தேன்: 'ஜெசிந்தா என்ற பயனர் இல்லை.'

புதிதாக வருபவரை ஏற்கெனவே இருப்பவர் பதிவதுதான் இங்கே வழக்கம். அவளைப் பதிந்தவர் ராயப்பன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலை 11:20

இரண்டு பாதிகளையும் அடித்துப் பார்த்தேன். கணக்கு போனதும் அவள் பாதியும் செல்லாதாம். என் தனிக் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும்தான். பாதுகாப்புக்காக நானே குறைத்தது. வெளியே பதிவில்லாத ஆள் நிற்கும்வரை கதவு உள்ளிருந்து எனக்கும் திறக்காது. பூமிக்கு அவசரச் செய்தி அனுப்பிவிட்டேன். பதில் வர முக்கால் மணி நேரமாகும். அவளிடம் ஒன்றே கால் மணி நேரக் காற்று இருக்கிறது. சமாளித்துவிடலாம்.

காலை 11:50

சும்மா உட்கார முடியவில்லை. கடப்பாரையால் கதவை அடித்தேன். சிராய்ப்புகூட இல்லை. பயமாக இருக்கிறது. அவளோ எனக்குத் தைரியம் சொல்கிறாள்: "பதறாதீயண்ணே. பாப்பாகிட்ட மட்டும் ஏதும் சொல்லிராதீய."

பகல் 12:07

பூமியிலிருந்து: "கோரிக்கை கிடைத்தது. புதிய பயனரைச் சேர்க்க அவரது கைரேகை தேவை. ஜெசிந்தாவை உள்ளே வந்து பதியச் சொல்லவும். அனுமதிப் பட்டியலைச் சுத்தமாக வைத்திருப்பதற்குப் பாராட்டுகள்."

உள்ளே வந்து.

அவள் வெளியே நிற்கிறாள் என்று மறுபடியும் எழுதினேன். பெரிய எழுத்தில் எழுதினேன். பதில் வர இன்னும் முக்கால் மணி

பகல் 12:31

"எண்ணே, இருக்கீயளா?" என்று கேட்டாள்.

இருக்கிறேன் என்றேன். இருக்கிறேன், இருக்கிறேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டே