தலையசைக்கும் வரை

என் சின்னக்குட்டிக்கு, அம்மா எழுதுவது.

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருந்தாயானால் முழங்காலும் சரியாகிவிடும். அப்பா புதுப்பல் கட்டிக்கொண்டதிலிருந்து வழியில் போகிறவர்களைப் பார்த்தெல்லாம் சிரிக்கிறார். அக்கா வீடு மாறிவிட்டாள், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, என் முழங்காலை மனதில் வைத்துத்தான் அந்த வீட்டைப் பிடித்தாளோ என்னவோ. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து காதைக் கொடுப்பார், அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆல்பத்துக்காக நீ எழுதிய இசை நோட்டுக்கட்டு போன வாரம் வந்து சேர்ந்தது. பிரித்ததும் காகிதத்தை மோந்து பார்த்தேன், சிரிக்காதே. இருபத்தாறு வருஷமாக இந்த இசைக்குழுவின் நோட்டு அறையில் யார் யாரோ எழுதியதைப் பிரதியெடுத்து ஒவ்வொருவர் ஸ்டாண்டிலும் வைத்தவள், என் மகள் எழுதியதை வைக்கப்போவது இதுதான் முதல் தடவை. உன் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று நீங்கள் மூன்று பேர் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் நாற்பத்தொரு பேர் ஒரு பக்கம். மூன்றாவது பாட்டின் நடுவில் அந்த நாற்பத்தொரு பேரும் சும்மா உட்கார்ந்திருக்க, நீங்கள் மூவர் மட்டும் இத்தனை பார், இத்தனை தாளக்கட்டம் என்ற கணக்கே இல்லாமல் மனம்போல ஜாஸ் வாசிக்கிறீர்கள், நீ தலையசைத்தால்தான் மற்றவர்கள் உள்ளே வரலாம். அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கோல்காரர் நோட்டு அறைக்கு வந்தார். இசைக்குழுவை நடத்துகிற அந்த மகானுக்கு நீ வைத்த பேர்தான் எனக்கு இன்னமும் வாயில் வருகிறது. கையில் நீ அனுப்பிய மெயில், அச்செடுத்து வைத்திருந்தார். நீங்கள் மூவர் மட்டும் வாசிக்கும் அந்த இடத்தைப் பதினாறு பாராகக் குறைக்கச் சொல்லிக் கேட்டாராம், நீயும் உங்கள் விருப்பம் சார் என்று எழுதிவிட்டாயாம். எல்லோர் நோட்டிலும் மாற்றிவிடச் சொல்லி என் மேசையை விரலால் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர்மேல் பாதி, உன்மேல் பாதி. உங்கள் விருப்பம் சாராம். பதினேழு வயதில் நடந்தது உனக்கு மறந்துபோயிருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. இதே மண்டபத்தில், ஒத்திகையில், நீ தனியாக வாசிக்க வேண்டிய எட்டு பாரை உன் இஷ்டத்துக்கு மாற்றி வாசித்தாய், ஒரு பார் கூடிப்போனது, அவ்வளவுதான். கோலைக் கீழே வைத்துவிட்டு, என்னை அறையிலிருந்து வரவழைத்து, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார், "உங்க பொண்ணுக்கு எண்ணவே தெரியல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." வயலின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி இன்னும் வேலையில் இருக்கிறாள், நோட்டுக்கட்டுக்குள் கிழிந்த பிரதி எது இருந்தாலும் அது அவள் ஸ்டாண்டுக்குத்தான் போகும். அவர் சொன்னதுகூடப் போகட்டும். நீ பியானோவை மூடிக்கொண்டிருந்தாய், நான் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டாய். "மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், ஒரு தப்பும் செய்யாத என் பிள்ளைக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். பதினெட்டு வருஷமாக அவருக்கு நோட்டு எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை உள்ளே குத்துகிறது. அப்பாவிடம் சொன்னால், பெண்ணே மறந்துவிட்டாள், நீ ஏன் பழசைக் கிளறுகிறாய் என்கிறார். அவருக்கென்ன, புதுப்பல்.

அதனால் உன்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டேன். இங்கே நோட்டில் எதைக் குறித்தாலும் பென்சிலால்தான் குறிக்க வேண்டும், பிறகு அழிக்க வசதியாக, அது அவரே போட்ட சட்டம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதை மீறியதில்லை. நேற்று அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பேனாவை எடுத்தேன். நாற்பத்தொரு நோட்டிலும், எல்லோர் நோட்டும் சேர்ந்த அவருடைய பெரிய புத்தகத்திலும், பியானோ வாசிப்பவர் தலையசைக்கும் வரை காத்திருக்கவும் என்று மையால் எழுதிவிட்டேன். அவருடையதில் மட்டும் சிவப்பு மை. இன்று காலை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அப்படியானால் தான் எத்தனை எண்ண வேண்டும் என்று கேட்டார். "எண்ண முடியாது சார். அவளையே பாத்துட்டு நிக்கணும்" என்றேன். நீ வந்ததும் உன்னிடமே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வந்து குழைவார், நீயும் சேர்ந்து குழையாதே. எழுதினபடியே இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. என் வேலையைப் பற்றி யோசிக்காதே, அந்தப் பயத்தில் ஒரு தடவை பேசியது போதும்.

ரெக்கார்டிங்குக்கு வரும்போது ஸ்வெட்டர் எடுத்துவா, மண்டபத்தில் ஏசியை யாரும் குறைப்பதில்லை. வளையல் போடாதே, சத்தம் மைக்கில் விழும். உனக்கும் உன்னோடு வாசிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் என் ஆசி, கையும் காதும் ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் இருக்கட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ரெக்கார்டிங் விளக்கு எரிந்து அந்த இடம் வந்ததும், அவர் கோலைத் தொங்கவிட்டுக்கொண்டு உன் முகத்தையே பார்த்து நிற்பார். நீ அவசரப்படாதே. நான் பின்பக்கக் கதவருகில் நிற்பேன், முழங்கால் விண்விண்ணென்று வலித்தாலும் உட்கார மாட்டேன். அன்று நான் கேட்ட மன்னிப்பை அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பேன், முழுவதும் வாங்கி முடித்த பிறகுதான் உட்காருவேன். நான் உட்கார்ந்துவிட்டேனா என்று திரும்பிப் பார் கண்ணு, அதற்குப் பிறகு தலையசை.

உன் அம்மா