டிரைவர் பக்கத்துக் கதவு

என்னங்க,

முதுகுவலி குறைந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

சலவைக்கடையில் நான் ஓட்டும் பழைய பிக்கப் வண்டியை ஒருவழியாகத் தேற்றிவிட்டோம். போன வாரம் பிரேக் பிடிக்காமல் மணல்மேட்டில் போய் நின்றது. எனக்குக் கீறல்கூட இல்லை. இப்போது பிரேக்கும் நான்கு டயரும் புதிது. சும்மா உட்கார்ந்தால் என்னென்னவோ தோன்றுகிறது. லீவு நாளிலும் மெக்கானிக் பின்னாலேயே அலைகிறேன்.

டிரைவர் கதவு மட்டும் கைப்பிடி உடைந்து, வெளியிலிருந்து திறக்க முடிவதில்லை. மறுபக்கம் ஏறி, கியரைத் தாண்டி நகர்ந்து வருகிறேன்.

"பக்கத்துல ஒரு ஆள் இருந்தா உள்ளேருந்து திறந்துவிடப் போறாங்க, இதுக்குப் போய் அலையறீங்களேம்மா" என்கிறார் மெக்கானிக். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

நம்மூர்ப் பழைய சாமான் கடையில் இந்த வண்டிக் கதவுக் கைப்பிடி கிடைத்தால் அனுப்புங்கள். கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள்.

துணிமூட்டை ஏற்றிவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள். நான் சுற்றிப்போய் ஏற வேண்டும்.