ஒன்றும் ஏழும்

மார்ச் 12, செவ்வாய்

இன்று அலுவலகமே சிரித்தது. என்னைப் பார்த்து.

கூட்டுறவுக் குடியிருப்பின் பொது மண்டபத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை. "மூன்று ஆண்டுக் குழந்தைகள்" என்று வரைபடத்தில் தட்டினேன். நாங்கள் காலங்காலமாக வைத்திருக்கும் எழுத்துருவுக்குத் தலையில் அலைக்கோடு போட்ட எழுத்தே தெரியாது. அந்த அலை விடுபட்டால் எங்கள் ஸ்பானிய மொழியில் ஆண்டு ஆசனவாய் ஆகிவிடும். மூன்று ஆசனவாய்களின் அறை, பெரிய தாளில் அச்சாகி, மிர்த்தாவின் மேசையில் போய் விரிந்தது.

எங்கள் ஆர்க்கிடெக்ட் மிர்த்தாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த மாத்தே மூலிகைத் தேநீர் புரையேறிவிட்டது. "ரொமினா, நாம கட்டுறது குழந்தைங்க அறையா, மூலவியாதி ஆஸ்பத்திரியா? எழுத்த மாத்து. எதுனு நீயே பாத்து எடு."

நீயே! ஆறு வருடத்தில் முதல்முறை.

மார்ச் 13, புதன்

நாள் முழுக்க எழுத்து அமைப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாட்டு. உயரம், அகலம், சாய்வு. அகலத்தைக் குறைத்தால் எழுத்துகள் நெரிசல் பஸ்ஸில் நிற்கின்றன. சாய்வைக் கூட்டினால் அதே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகின்றன.

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஆர்க்கிடெக்ட் கையால் எழுதியது போல ஒல்லியாக, லேசாகச் சாய்ந்து, முனையில் ஒரு சுழிப்பு. அலைக்கோடும் இருக்கிறது. தாளில் 1.8 மில்லிமீட்டர் உயரம் வருகிற மாதிரி வைத்தேன். காதல்தான், வேறென்ன.

மார்ச் 15, வெள்ளி

"அழகா இருக்கு" என்றாள் மிர்த்தா. அவள் அந்தச் சொல்லைச் சும்மா செலவழிக்க மாட்டாள். முப்பத்திரண்டு தாளும் கட்டுமிடத்துக்குப் போயாயிற்று.

ஏப்ரல் 7, ஞாயிறு

பெரிய தப்பு நடந்திருக்கிறது. எழுதினால் சரியாகுமா, பார்ப்போம்.

குடியிருப்பு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே கான்ட்ராக்டர் கிடையாது. வீடு கிடைக்கப்போகிறவர்களே செங்கல் தூக்கிக் கட்டுகிறார்கள். சொல்லிக்கொடுக்க ஒரே மேஸ்திரி, தோன் வில்மார். அவர் இரண்டு வாரமாகக் காய்ச்சலில் படுக்கை. இவர்களோ வேலையை நிறுத்தவில்லை, வரைபடத்தைப் பார்த்தே கட்டியிருக்கிறார்கள்.

சமையலறை ஜன்னல் தரையிலிருந்து 1.10 மீட்டரில் தொடங்க வேண்டும். நான்கு வீட்டிலும் 1.70 வரை சுவர் எழும்பி நிற்கிறது!

அவர்களில் ஒருத்தியான சுல்மா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பஸ் கண்டக்டர், என் தோளுக்குத்தான் வருவாள். "பாத்திரம் கழுவிக்கிட்டே வானத்தைப் பாக்கலாம். சந்நியாசம் வாங்கிட வேண்டியதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. டேப் பிடித்து அளவு படித்தவள் அவள்தானாம். ரூபன் என்பவன், "டிக்கெட் கிழிக்கிறவ கையில டேப்பக் குடுத்தா இப்படித்தான்" என்றான்.

"ஒண்ணு எழுபதுனுதான் போட்டிருந்துச்சு. ரெண்டு தடவ பாத்தேன்யா!"

தாளை வாங்கிப் பார்த்தேன். சிமென்ட் தூசி, வெயில், அந்தப் பொடி எழுத்து. ஒன்றின் மூக்கை அவ்வளவு ஒயிலாக நீட்டி விட்டிருக்கிறது என் அருமை எழுத்துரு. நானே எழுபது என்றுதான் படித்தேன். நானே!

அதைச் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மிர்த்தாவிடம் சொன்னேன். "கோப்புல ஒண்ணு பத்துனு இருக்கா? இருக்கு. அப்ப தப்பு நம்ம மேல இல்ல."

சரிதான்.

சரிதானா?

நாளை மாலை அவர்கள் கூட்டம். சுல்மாவைக் கட்டுமானக் குழுவிலிருந்து நீக்கப்போகிறார்களாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

போனேன். மிர்த்தாவிடம் சொல்லாமல்தான்.

1.10, 1.70 இரண்டையும் கலந்து, பத்து எண்களை அதே எழுத்தில், அதே அளவில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். முதல் தாளை ரூபனிடம் நீட்டினேன். "சத்தமா படிங்க." பத்தில் நான்கு தப்பு. அடுத்தவருக்கு ஐந்து. மூன்றாமவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், படிக்கவே இல்லை.

"இந்த எழுத்த எடுத்தது நான்தான்" என்றேன். "அழகா இருக்குனு எடுத்தேன். வெயில்ல நின்னு யார் படிப்பாங்கனு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. சுல்மா மேல தப்பில்ல."

கழுத்தில் கம்பளித் துண்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த தோன் வில்மார் இருமி முடித்தார். "சரி மகளே. சனிக்கிழமை சுத்தியலோட வந்துடு."

சுல்மாவைக் குழுவிலிருந்து நீக்கவில்லை; அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினாள்.

ஏப்ரல் 13, சனி

ஈஸ்டருக்கு முந்தைய துரிஸ்மோ வார விடுமுறைக்கு மொன்தெவிதேயோ நகரமே கடற்கரைக்குக் கிளம்புகிறது. நான் சுவர் இடித்தேன். உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

செங்கல் உடையாமல் எப்படிக் கழற்றுவது என்று சுல்மாதான் காட்டினாள். "மெதுவா தட்டுடி. செங்கல் என்ன பாவம் பண்ணுச்சு?" மதியம் அவள் தட்டிலிருந்து பொரித்த மிலனேசா இறைச்சியில் பாதியை என் தட்டுக்குத் தள்ளினாள். "அன்னைக்கு ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சிருக்கு ஒனக்கு. மூஞ்சியப் பாத்தேன்."

"தெரிஞ்சுது."

"ரெண்டு நாள் தூங்கல நான்."

"நானும்."

"நல்லது. தின்னு."

ஏப்ரல் 16, செவ்வாய்

ஐந்து எழுத்துரு, மூன்று உயரம், மொத்தம் பதினைந்து மாதிரி. சிமென்ட் மூட்டை அறையின் வெளிச்சுவரில் வெயில் படும்படி ஒட்டினேன். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எல்லோரும் படிக்க வேண்டும். தோன் வில்மார் தன் கண்ணாடியில் ஒரு சிட்டிகை சிமென்ட் தூவிக்கொண்டு வந்து நின்றார். "இப்பத்தான் சரியான பரீட்சை."

ஜெயித்தது ஒரு மொட்டை எழுத்து. சாய்வு இல்லை, சுழிப்பு இல்லை. ஒன்று குச்சியாக நிற்கிறது. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. உயரம் 3 மில்லிமீட்டர். அலைக்கோடும் உண்டு என்பதை மறக்காமல் சோதித்தேன்.

ஏப்ரல் 22, திங்கள்

மிர்த்தா கத்தினாள். "என்னக் கேக்காம போய் அலுவலகத்து மேல பழியப் போட்டுட்டு வந்திருக்க!" அலுவலகத்தின் மேல் இல்லை, என் மேல்தான் போட்டுக்கொண்டேன் என்றேன். ஒரு மணி நேரம் கழித்துப் புதுத் தாளை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் வைத்தும் பார்த்தாள்.

"அசிங்கமா இருக்கு."

"ஆமா."

"கண்ணாடி இல்லாமலே தெரியுது." மாத்தேக்கு வெந்நீர் ஊற்றினாள். "எல்லா வேலைக்கும் இதையே வச்சிரு."

மே 5, ஞாயிறு

வேலையே இல்லாமல் அங்கே போய் நின்றது இது மூன்றாவது ஞாயிறு. சுல்மா பிடித்துவிட்டாள். "இங்க வந்து வந்து நிக்கிறியே, சம்பளமா குடுக்குறோம்?" பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கலவையைக் கிளறிக்கொண்டே: "ஒரு குடும்பம் அவங்க ஊரு சால்த்தோவுக்கே போகுது. ஒரு இடம் காலி. வாரம் இருபத்தொரு மணி நேரம் வேல செய்யணும். ஒன்னால முடியாது. சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னாளாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மழை. வெளிவேலை ஓடவில்லை. எல்லோரும் மூட்டை அறைக்குள் ஒண்டிக்கொண்டு மாவு தட்டிப் பொரித்துத் தின்றோம். ரூபன் கருக்கிய இரண்டையும் என் தலையில் கட்டினான்.

அந்தக் காலி இடத்தில் நான்தான் சேர்ந்தேன். இந்த வாரம் எனக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. யாருக்கு எந்த வீடு என்பது கடைசியில் குலுக்கலில்தான் தெரியும். எது வந்தாலும் சரி, சுல்மாவுக்குப் பக்கத்து வீடு மட்டும் வேண்டாம், நாள் முழுக்கக் கத்துவாள் என்று அவளிடமே சொன்னேன்.

பொய். அவளுக்கும் தெரியும்.