மயில்கழுத்து நிறக் கவுன்

அன்புள்ள குண்டூசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உண்மையில் அவள் எதுவும் சொல்லவில்லை. உன்மேல் கோபமாக இருப்பதாக இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் முகம் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அப்படி இல்ல, சரியாச் சொல்லுங்க" என்று வரிக்கு வரி கத்தரி போடுவாள். இந்தக் கதையை நான் முழுசாகச் சொல்லியே ஆக வேண்டும்.

உன் தம்பியின் கல்யாண வேலை ஜோராக நடக்கிறது. மாப்பிள்ளைக்குக் கால் தரையில் இல்லை. புதுச் செருப்பு வாங்கப் போனவன் இரண்டும் இடது காலாக வாங்கி வந்திருக்கிறான். அதைப் பார்த்த பிறகும் அந்தப் பெண் இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறாள், தங்கமான பெண். ஆனால் தனியாக இருக்கும்போது அவன் முகம் வாடிவிடுகிறது. "அக்கா இல்லாம எப்படிப்பா?" என்று நேற்றுகூட என்னிடம் கேட்டான்.

போன வாரம் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "அம்மா தைக்கிற அந்தக் கவுனைப் போட்டாத்தான் உள்ள விடுவீங்கன்னா, நான் கல்யாணத்துக்கு வரவே இல்லப்பா" என்றாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். உன் அத்தைதான் பேசினாள். "லிஃப்ட் ரிப்பேருக்குப் போறப்ப பேன்ட் போட்டுக்கட்டும், யாரு வேணாங்கிறா? தம்பி கல்யாணத்துல ஒரு நாளாவது பொண்ணா லட்சணமா வந்து நிக்கக் கூடாதா?" என்றாள். அம்மாவின் ஆதங்கம் வேறு. தெருப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள், தான் ஆசையாய்த் தைத்த ஒன்றைத் தன் பெண் உடம்பில் பார்க்க முடியவில்லையே என்று அவளுக்கு. அதையும் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ரொட்டியெல்லாம் கடைகளுக்குப் போட்டுவிட்டு, வேனை அம்மாவின் தையல்கடை வாசலில் நிறுத்தி உள்ளே போனேன். கவுன் பொம்மைமேல் நிற்கிறது. மயில்கழுத்து நிறம், தரையைத் தொடும் நீளம், கழுத்தெல்லாம் மணி. அழகு என்றால் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொம்மையின் தோள் சின்னது. உனக்கு என் தோள், உயரமும் என்னுடையதே. உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டே நிமிஷம், தோள் மட்டும் பார்த்துக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். என் தொப்பைக்காக முதுகுத் தையலைப் பிரித்துவிட்டு, என்னை உள்ளே தள்ளி, சுற்றிலும் ஊசி குத்திவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே குப்பை லாரி ஹாரன் அடிக்கிறது. என் வேன் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. நான் கவுனைக் கழற்றப் போனால், "ஐயோ, குத்தினது எல்லாம் போயிடும், அப்படியே போய் நகர்த்திட்டு வாங்க" என்கிறாள். இப்படி ஒரு யோசனை உன் அம்மாவுக்கு மட்டும்தான் வரும். அதைக் கேட்டு வாசலுக்குப் போகிற ஆளும் நான் ஒருவன்தான்.

சாவியைப் போட எங்கேயும் பை இல்லை, வாயில் கவ்விக்கொண்டேன். கை தோளுக்கு மேல் எழவில்லை. மணியெல்லாம் கழுத்தைப் பிராண்டியது. வேன் படியில் ஒரு காலை வைத்தேன், மறு கால் வர மாட்டேன் என்கிறது. பாவாடையைத் தூக்கினால் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. கைப்பிடியைப் பிடித்தால் கால் வராது. லாரிக்காரர் ஹாரனை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் மருந்து வாங்க வந்தவரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, "அண்ணே, பக்கவாட்டுல ஏறிப் பாருங்க" என்று யோசனை சொல்கிறார். அப்போதுதானா உன் அத்தை தெருமுனையில் திரும்ப வேண்டும்! "அய்யய்யோ, என் தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சே!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. வாயில் சாவியை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்வேன்? பக்கவாட்டில் ஏறினேன். டர்ரென்று கிழிந்தது.

வேனை நகர்த்திவிட்டு வந்தால், உன் அம்மா தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. "நல்லாச் சிரிங்க. இந்தக் கொஞ்ச நேரத்துக்கே எனக்கு மூச்சு முட்டுது. இதுல அவ நாள் பூரா நிக்கணும், வர்றவங்க எல்லாரும் பார்க்கப் பார்க்க இளிச்சுக்கிட்டு வேற நிக்கணும். எனக்கு இது பொருந்தலைன்னு பார்த்ததுமே தெருவுக்கே தெரியுது. தனக்குப் பொருந்தலைன்னு அவ வாய்விட்டுச் சொல்றா, அது மட்டும் உங்க காதுல ஏறலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தையின் சிரிப்பு நின்றது. அம்மா எழுந்து வந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மணி பிராண்டிச் சிவந்திருந்த என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "எரியுதா?" என்றாள். என்னைக் கேட்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், கவுனில் ஒரு மணிகூட இல்லை. துணியைப் பிரித்து மேஜைமேல் விரித்திருக்கிறாள். பக்கத்தில் நீ விட்டுவிட்டுப் போன பழைய நீலச் சட்டை. கரித்துணியாக்கிவிடுவேன் என்று அவள் உன்னை மிரட்டிக்கொண்டே இருப்பாளே, அதேதான். இஸ்திரி போட்டு, அதை வைத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். உனக்கு முழுக்கைச் சட்டையும் தொளதொளவென்று ஒரு பேன்ட்டும் தயாராகிறது, அதே மயில்கழுத்து நிறத்தில். வேலை செய்யும்போது பாட்டு வேறு. உன் அம்மாவின் குரல் உனக்குத் தெரியும், நீ தொலைவில் இருப்பது உன் அதிர்ஷ்டம்.

அத்தை அப்படியே மாறிவிட்டாள் என்று நினைக்காதே. "பேன்ட்டே போடட்டும், மேல ஒரு துப்பட்டாவாவது..." என்று ஆரம்பித்தாள். அம்மா கத்தரியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அத்தை டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் என்னை எங்கே பார்த்தாலும், "என்னண்ணே, இன்னைக்குச் சட்டையா?" என்கிறார். கேட்டுவிட்டுப் போகட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது வேலை ஒரே ஒரு இடத்தில் நின்றுபோயிருக்கிறது. "உங்க பொண்ணு டெஸ்டர், ஸ்பேனர் எல்லாம் எந்தப் பக்கம் வெச்சுக்குவா?" என்று அம்மா என்னிடம் வந்து கேட்டாள். கல்யாணத்துக்கு ஸ்பேனர் எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நீயே அவளைக் கேளேன் என்றேன். "நான் எதுக்குக் கேக்கணும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பேன்ட்டின் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டு, தைக்காமல் வைத்திருக்கிறாள்.

அதனால் குண்டூசி, அம்மாவுக்கு ஒரு வரி எழுது. பை எத்தனை வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும், அது போதும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நன்றாக இரு. நீ நீயாகவே வா.

இப்படிக்கு,
உனக்குத் தோள் கொடுத்த
அப்பா