காலாவதியான பாடங்கள்

7 ஜூலை, திங்கள்

புகைமூட்டம். காலையிலிருந்தே தொண்டை அரிப்பு. துணி வெளியே போடவில்லை.

நாளை மறுநாள் பல்கலைக்கழகத்துக்கு. கொண்டுபோக வேண்டியவை: டிப்ளோமா சான்றிதழ் ஒரிஜினல், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், ஐ.சி. அடையாள அட்டை நகல், தலைவலி மாத்திரை.

பாடத்திட்டம் கையில் இருப்பதே அதிர்ஷ்டம். தெங்கேராவில் நாங்கள் படித்த கல்லூரியை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த மாடியில் இப்போது மெத்தை வியாபாரம். சேவியர் தன் டிகிரிக்குச் சேர்ந்தபோது வாங்கி வைத்த நகல்தான் எனக்கும். கணக்கியல் டிப்ளோமாவில் நானும் அவரும் ஒரே வகுப்பு, ஒரே லெக்சரர், ஒரே பரீட்சை. என் மதிப்பெண் அவரைவிட மேல். இதை வெளியில் சொல்வதில்லை, இங்கே எழுதலாம். அந்த டிப்ளோமாவை வைத்து டிகிரியில் அவருக்குப் பாதிப் பாடங்களைக் கழித்தார்கள். இரண்டே வருடத்தில் முடித்தார்.

முதலில் அவர், அப்புறம் நான். கல்யாணமான புதிதில் பேசிக்கொண்டது. அப்புறம் பெரியவன் பிறந்தான், சின்னவள் பிறந்தாள், மாமியார் படுத்தார். அந்த 'அப்புறம்' இப்போதுதான் வந்திருக்கிறது. எனக்கு நாற்பத்தைந்து.

மிஸ்டர் லிம் இன்றும் ஞாபகப்படுத்தினார். தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் என் மேலதிகாரி, கணக்குப் பிரிவு மேனேஜர். வருடக் கடைசியில் ஓய்வு. டிகிரி இல்லாத ஆளை அந்த நாற்காலியில் உட்காரவிட மாட்டார்களாம். ஆனால் இரண்டு வருடத்தில் முடிப்பேன் என்று பல்கலைக்கழகக் கடிதம் காட்டினால் மேலே பேசிப் பார்ப்பாராம். இல்லையென்றால் வெளியிலிருந்து யாராவது வருவார்கள். வேலை நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு பேரும் இப்போது எனக்கு மேலே.

9 ஜூலை, புதன்

கவுன்டரில் நம்ம தமிழ்ப் பிள்ளை. இருபத்தைந்து இருக்கும். சிரித்த முகம். தாளைப் புரட்டினாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் புரட்டினாள்.

"ஆன்ட்டி, பாடமெல்லாம் மேட்ச் ஆவுது. கிரேடும் சூப்பர். ஆனா எக்ஸ்பயர் ஆயிருச்சிலா."

"என்னா எக்ஸ்பயர்?"

"படிச்சி முடிச்சி பத்து வருசத்துக்குள்ள இருந்தாதான் கிரெடிட் எடுப்பாங்க. உங்களது ரொம்ப பழசு."

பால் டின்னா? ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் பற்று. இதில் என்ன கெட்டுப்போகும்? என் வீட்டுக்காரருக்கு இதே பாடங்களுக்குக் கொடுத்தீர்களே என்று கேட்டேன். "அங்கிள் அப்பவே வந்துட்டாங்கல்ல ஆன்ட்டி" என்றாள். அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதலிலிருந்து படித்தால், வேலை பார்த்துக்கொண்டே, நான்கு வருடம்.

கிளம்பும்போது கூப்பிட்டாள். இன்னொரு வழி இருக்கிறதாம். வேலையிலும் சொந்தமாகவும் கற்றதை வைத்து கிரெடிட் கேட்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன தெரியும் என்று எழுதி, ஆதாரம் வைத்து, மூன்று பேர் முன்னால் உட்கார வேண்டும். மூன்றாம் தளத்துக்குப் போய் விசாரித்தேன். எட்டுப் பாடம் கிடைத்தால் மிஸ்டர் லிம் கேட்ட கடிதம் வந்துவிடும்.

வரும் வழியில் கடையில் மீ கோரெங் தபாவ் கட்டி வாங்கினேன். சமைக்கத் தெம்பில்லை.

13 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து சேவியரின் தம்பி டேவிட் சாப்பிட வந்தான். கோழிக் குழம்பு, முட்டைக்கோஸ், ரசம். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

டேவிட்தான் கிளறினான். "அண்ணனுக்கு குடுத்தாங்க, அண்ணிக்கு ஏன் குடுக்கல?"

சேவியர் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "அது பத்து வருச ரூல்டா. எனக்கு அப்பவே சொன்னாங்க. வொய்ஃபும் அதே டிப்ளோமாவான்னு கேட்டுட்டு, லேட் பண்ணாம வரச் சொல்லுங்கன்னாங்க."

நான் கரண்டியோடு நின்றேன். டேவிட் தட்டைப் பார்த்தான்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீ அப்ப புள்ளயோட அல்லாடிகிட்டு இருந்த. சொன்னா சும்மா கவலப்படுவ."

சும்மா கவலை. ஒவ்வொரு வருடமும் பிறக்கும்போது "அடுத்த வருசம் நீ சேந்துடு" என்பார். நானும் தலையாட்டுவேன். அந்த வருடமெல்லாம் தெரிந்தே தலையைத் தடவியிருக்கிறார். ஆத்திரமாக வருகிறது. சட்டியை ஓங்கி வைத்ததில் பிடி உடைந்ததுதான் மிச்சம்.

டேவிட் பழம்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான்.

14 ஜூலை, திங்கள்

பேச்சு இல்லை. "சாப்பாடு மேசையில இருக்கு" மட்டும்.

போர்ட்ஃபோலியோவுக்காக, அதாவது அந்த ஆதாரத் தொகுப்புக்காக, பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். தணிக்கை, வருமான வரி, கம்பெனிச் சட்டம், செலவுக் கணக்கியல், இன்னும் என்னென்னவோ. சேவியர் டிகிரிக்குக் கொடுத்த அசைன்மென்ட் முழுக்க அதில் கிடக்கிறது. எழுதியது நான். அவர் சனிக்கிழமை பேட்மிண்டனுக்குப் போவார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தட்டுவேன். பரீட்சை அவரே எழுதினார், நான் சுருக்கிக் கொடுத்த நோட்ஸை உருப்போட்டு. பட்டமளிப்பு விழாவுக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு போய்க் கைதட்டினேன்.

அந்தக் கிரேடுகளை இன்று மறுபடி பார்த்தேன். A, A, A-. தணிக்கைக்கு லெக்சரர் தனியாகப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

ஆதாரம் கேட்கிறார்களே, ஆதாரம் இருக்கிறது. பெயர் மட்டும் சேவியர்.

காட்டினால் அவர் டிகிரி போகும். ஃபேக்டரியில் ஃபினான்ஸ் மேனேஜர் வேலை போகும். சின்னவள் இன்னும் பள்ளியில், ஃபார்ம் ஃபோர்.

20 ஜூலை, ஞாயிறு

பூசைக்கு அவர் மட்டும். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். பொய்.

ஆதாரமாக வைக்கக் கேட்டிருந்த ஹோட்டல் கடிதம் ஈமெயிலில் வந்தது. மிஸ்டர் லிம் நல்ல மனிதர், நிறைய எழுதியிருக்கிறார். ஆனால் ஹோட்டலில் நான் செய்வது தினசரிக் கணக்கும் சம்பளமும். தணிக்கை செய்தேன் என்று அவரால் எழுத முடியாது. வரியும் அப்படித்தான், அதற்கு வெளியிலிருந்து ஆள் வருகிறது.

சேவியர் இன்று தானே பாத்திரம் கழுவினார். ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது.

29 ஜூலை, செவ்வாய்

நல்ல வெயில். புகைமூட்டம் விலகிவிட்டது. நீலச் சேலை வேண்டாம் என்று பாஜு கூரோங் போட்டுக்கொண்டேன். சேவியர் லீவு போட்டுக் காரில் கொண்டுவிட்டார். கேட்கவில்லை, அவராகவே.

மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு மலாய் அம்மா. ஒரு சீனர், எழுதிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் தமிழர் ஒருவர், தணிக்கை லெக்சரராம், நரைத்த மீசை.

சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு பற்றிக் கேட்டார்கள். சுலபம். பிறகு அந்தத் தமிழர் தணிக்கையில் இறங்கினார். சொன்னேன். வரிக்குப் போனார். சொன்னேன். கம்பெனிச் சட்டத்திலும் விடவில்லை. எனக்கே ஆச்சரியம், ஒன்றும் மறக்கவில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"ஹோட்டல்ல இதெல்லாம் செய்யறது இல்லியேம்மா. எங்க கத்துக்கிட்டீங்க?"

வாய் வரைக்கும் வந்தது. எல்லாத் தலைப்பும், எல்லாக் கிரேடும். கண்ணாடி ஜன்னல் வழியே கீழே பார்க்கிங்கில் எங்கள் கார் தெரிந்தது.

"என் வீட்டுக்காரரு இங்கதான் டிகிரி படிச்சாரு. அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மலாய் அம்மாவின் முகம் கனிந்துவிட்டது. "குடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார் தமிழர்.

வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். ஹோட்டல் கடிதம் தாங்குகிற இரண்டு பாடத்துக்குச் சரி. மற்றவை நன்றாகத் தெரிகிறதாம், ஆனால் வீட்டில் கற்றதற்கு ஆதாரம் இல்லாமல் கிரெடிட் தர முடியாதாம். வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தமிழர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். தணிக்கை வகுப்பு அவருடையதுதானாம், முதல் வரிசையில் எனக்கு இடம் போடுவாராம்.

இரண்டு பாடம் போனால் நான்கு வருடம் மூன்றரை. மிஸ்டர் லிம் நாற்காலி அவ்வளவுதான். படியிறங்கும்போதே அவருக்கு மெசேஜ் போட்டேன். "சாரி, ரீத்தா" என்று வந்தது.

காரில் ஏறியதும் சேவியர் கேட்டார், "என்னா கேட்டாங்க?"

"யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. நீங்கன்னு சொன்னேன்."

குத்தத்தான் சொன்னேன். எங்காவது ஒரு கூச்சம் தெரியுமா என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஆமாலா. அப்ப நெறைய சொல்லிக் குடுத்தேன்ல" என்றார். நடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் நிஜமாகவே அப்படித்தான் நம்பத் தொடங்கியிருக்கிறார்.

வழியில் கிளேபாங்கில் நிறுத்தித் தேங்காய் ஷேக் வாங்கிக் கொடுத்தார், ஐஸ்கிரீம் போட்டது. மூன்றரை வருடம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், கவலைப்படாதே என்றார். பிறகு ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே, கொஞ்சம் கண்டிப்பாக:

"ஆனா அசைன்மென்ட்லாம் நீயேதான் எழுதணும். நான் எழுதிக் குடுப்பேன்னு நெனைக்காத, இப்பவே சொல்லிட்டேன்."