கஞ்சி போட்ட கட்டுத்துணி

7.6.93, திங்கள்
அரசு ஆஸ்பத்திரி டெண்டர் தாள் வந்தது. கட்டுத்துணி நம் நாட்டில் செய்ததாக இருந்தால் முன்னுரிமையாம். சிங்கப்பூர் சரக்கை வாங்கி விற்கிறவனுக்கு இது அடி. வீட்டில் புலம்பினேன். சம்சாரம் பாத்திமுத்து அரிசி களைந்துகொண்டே, "நாமே செஞ்சா என்னங்க? துணி சோமனூர்ல கெடைக்குது. மடிக்க நாங்க இருக்கோம்" என்றாள். இருபது வருசத்தில் என் வியாபாரத்தில் அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. கேட்டுவிடுவோம்.

16.6.93
மாடியில் அவளும் பக்கத்து வீட்டுச் சின்னாத்தாளும் இன்னும் மூணு பெண்களும் வெட்டி மடிக்கிறார்கள். யூனிட் அவள் பேரில். லேபிள் வந்ததும் தன் பேரை விரலால் தடவிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். மாதிரி கொடுக்க 25 கடைசி நாள்.

21.6.93
மானம் போச்சு. மாதிரியை முன்கூட்டியே ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் சென்னகேசவனிடம் காட்டினேன். தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் முழுகணும். மிதந்தது. "பாய், இதுல ரத்தம் தொடைக்க முடியாதுங்க, படகு விடலாம்."

வந்து விசாரித்தால் — கஞ்சி! பாத்திமுத்து கஞ்சி போட்டு இஸ்திரி வேறு. "நம்ம கடைச் சாமானாச்சே, வெறப்பா இருக்கட்டும்னு. உங்க ஜும்ஆ சட்டைக்குப் போடற மாதிரிதானுங்க போட்டேன்."

சின்னாத்தாள் முன்னாலேயே, நீ அடுப்படியோட இருந்திருக்கோணும்னு சொல்லிப்போட்டேன். ஏன் சொன்னேன்? பாத்திமுத்து கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

22.6.93
குடோனில் சிங்கப்பூர்க் கட்டுத்துணி கிடக்கிறது. உறையை மாற்றினால் யாருக்குத் தெரியும்? லேபிளை எடுத்தும்விட்டேன். அதில் அவள் பேர். ஒட்டக் கை வரவில்லை.

மாடிக்குப் போய், அண்டாவில் வெந்நீர் ஊற்றி, நானே கஞ்சியை அலசினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் குரல்: "முறுக்காதீங்க, இழை வெலகிப்போகும்." ஒரு நாளைக்கு அப்புறம் பேசினது அவ்வளவுதான். துணியை வாங்கி அவளே அலசினாள்.

24.6.93
ஏழு எண்ணுவதற்குள் முழுகியது. இன்னும் ரெண்டு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னாள். மாதிரி கொடுத்தாயிற்று.

25.6.93, வெள்ளி
சட்டையில் கஞ்சி இல்லை. துவண்ட சட்டையோடு பள்ளிவாசல் போனேன். கேட்க மூஞ்சி ஏது?

2.7, 9.7, 16.7
கஞ்சி இல்லை.

21.7.93
ஆர்டர் வந்துவிட்டது. கடிதத்தை மாடிக்கே கொண்டுபோய், சின்னாத்தாளும் மற்றவர்களும் இருக்கையிலேயே அவளிடம் கொடுத்தேன். அன்னிக்குப் பேசினது என் புத்திகெட்டதனம்னும் சொன்னேன். தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

23.7.93, வெள்ளி
ஜும்ஆவுக்குக் கிளம்பினேன். சட்டை வழக்கமான ஆணியில் தொங்கியது. கையை நுழைத்தேன். மொடமொடவென்றது.