காது திறக்கும் கூட்டம்

ஜூன் 4

இன்றும் ஆராதனையில் போதகருக்குப் பக்கத்தில் நின்று பிரசங்கத்தைச் சைகையில் சொன்னேன். முன்வரிசையில் காது கேளாதவர்கள். அவர்களோடு என் கணவர், எட்டு வயது மகள் வாலு. எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது, கடைசி அறிவிப்பு வரை. மாதக் கடைசியில் சுகமளிக்கும் கூட்டமாம். வெளியூரிலிருந்து பெரிய ஊழியக்காரர் வருகிறாராம். செவிடர் கேட்பார்களாம், ஊமையர் பேசுவார்களாம். அதையும் நான்தானே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்? சொல்லும்போதே கை கூசியது.

பின்னாலிருந்து அத்தை சத்தமாக "ஆமென்" என்றார். என் மாமியார். அவருடைய மகனுக்கும் காது கேட்காது, பேத்திக்கும் கேட்காது. அந்த ஆமென் யாருக்கென்று எனக்குத் தெரியாதா!

ஜூன் 6

நினைத்தபடியே காலையில் அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"வாலுவ மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும்மா."

"வேண்டாம் அத்தை."

"உனக்கு விசுவாசம் பத்தல. அதான் பிள்ளை இப்படியே இருக்கா."

டிபன் பாக்ஸை மூடிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நல்லவேளை, வேலைக்கு நேரமாகிவிட்டது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம், அங்கே யாரும் என்னிடம் விசுவாசத்தை அளந்து பார்ப்பதில்லை.

ஜூன் 9

அச்சக வேலையிலிருந்து என் கணவர் வந்ததும் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். விரலில் பைண்டிங் பசை காயவில்லை, அதோடேயே சைகை. இதுவரை முழுதாகச் சொல்லாத கதையைச் சொன்னார்.

"என்னையும் சின்னதுல இப்படித்தான் ஒவ்வொரு கூட்டமா இழுத்துட்டுப் போனாங்க. ஒருத்தர் எனக்குப் பின்னால நின்னு கை தட்டினார். காத்து கழுத்துல பட்டுச்சு, திரும்பிட்டேன். ஜனம் குதிக்குது. அம்மா அழறாங்க. வீட்டுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தாங்க. கேக்கல. அப்புறம் ரொம்ப நாள் என் முகத்தையே பார்க்கல."

வாலுவுக்கு அது நடக்கக் கூடாது. அவ்வளவுதான். வேறு பேச்சே இல்லை.

ஜூன் 13

போதகரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் யார் குரல் உயர்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்கிறவர்.

"ஐயா, அற்புதம்னா வேடிக்கை இல்ல, அதுக்குள்ள ஒரு அர்த்தம் இருக்குன்னு நீங்கதானே வேதவகுப்புல சொன்னீங்க? குருடன் பார்த்தான்னா மனக்கண்ணு திறந்துச்சுங்கறீங்க. முடவன் எழுந்தான்னா பாவத்துலேர்ந்து எழுந்தோம்ங்கறீங்க. கடல் அமைதியாச்சுன்னா நம்ம பயம் அடங்குச்சுங்கறீங்க. செவிடன் கதை வந்தா மட்டும் ஏன் எல்லாரும் என் பொண்ணத் திரும்பிப் பார்க்கறீங்க? அதுல உங்களுக்கு ஒரு அர்த்தமும் இல்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சபைக்கு ஒரு எழுப்புதல் வேணும்மா. நாலு பேர் வரட்டுமே."

பதிலா இது?

ஜூன் 15

கூட்டத்தில் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன். நான் போகாவிட்டால், தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றே முன்வரிசைக்குத் தெரியாமல் போகும். அன்று பேசப்போகும் வேதப் பகுதியை வீட்டில் என் கணவரோடு வாசித்தேன். இயேசு அந்த மனிதனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிறார். காதில் விரல் வைக்கிறார். நாக்கைத் தொடுகிறார். வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து, திறக்கப்படு என்கிறார்.

என் கணவர் மேஜையைத் தட்டி என்னை நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அவனுக்குக் காது கேக்காதே. அதான் முதல்ல கையால சொல்றார். இங்க தொடப்போறேன், இங்க தொடப்போறேன், மேலே இருக்கறவர்கிட்ட கேக்கப்போறேன்னு. அவனுக்குப் புரியுற பாஷையில பேசியிருக்கார்!"

எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! ஒருவரும் இதைச் சொன்னதில்லை. காது திறந்ததையே எல்லோரும் பேசுகிறார்கள். இயேசு முதலில் அவனிடம் பேச வந்தாரே, அதை யார் பேசுகிறார்கள்?

ஜூன் 17

தலை பின்னும்போது வாலு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "காது திறக்கலேன்னா இயேசுவுக்கு என்மேல கோபம்னு அர்த்தமா?"

யார் சொன்னது என்று கேட்டேன். பாட்டி எழுதிக் காட்டினாராம். பின்னல் கோணலாகப் போய்விட்டது. பிரித்துவிட்டு மறுபடி பின்னினேன். கோபமே இல்லை, இல்லவே இல்லை என்று சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா, தெரியவில்லை.

ஜூன் 20

சுவரொட்டியில் என் மகளின் படம். கொடுத்தது அத்தை.

ஜூன் 21

கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். "யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?" அத்தையும் விடவில்லை. "நான் செத்ததுக்கப்புறம் அவ பாட்டின்னு கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவ வாயால கேட்டுட்டுப் போறேனே!"

 ஆத்திரமும் அடங்கவில்லை, பாவமாகவும் இருந்தது. வாலு கதவோரம் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 27

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கூடாரம் நிரம்பி வழிந்தது. நான் மேடையில். வாலு அப்பாவுக்கும் பாட்டிக்கும் நடுவில், மேடைக்கு அவளை விடுவதில்லை என்ற பேச்சோடுதான். என் கணவரின் கண் என் கைகள்மேல் இருந்தது. அத்தை பிள்ளையின் கையைப் பிடித்து எழுந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தபோது வாலு படியேறிவிட்டாள். ஊழியக்காரர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஜெபமா அது, அதட்டல். பிறகு அவளைச் சனத்தின் பக்கம் திருப்பிவிட்டு, பின்னால் போய் நின்று, காலை ஓங்கி மிதித்துக் கை தட்டினார்.

வாலு திரும்பினாள்.

கூடாரமே எழுந்து நின்றது. அத்தை முழங்காலில் விழுந்துவிட்டார். என் கணவர் மேடையை நோக்கி ஓடிவந்தார், யாரோ இருவர் மறித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன கேட்டுச்சு? பிள்ளையக் கேட்டுச் சொல்லுங்கம்மா!" மைக் என் முன்னால் வந்தது.

கேட்டேன். வாலு யோசித்து, தெளிவாகக் கை அசைத்தாள். சனத்தில் யாருக்கும் புரியவில்லை. ஊழியக்காரர் மைக்கைக் கையால் மூடி, என் காதருகே, "கேட்டுச்சுன்னு சொல்லுங்க. விசுவாசத்துல சொல்லுங்க, மத்தத கர்த்தர் பார்த்துப்பார்" என்றார்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம்! அப்படியொரு சந்தோஷத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. ஒரு சொல் போதும், அது அப்படியே இருந்திருக்கும். வீடு போய்ச் சேரும் வரையாவது.

ஆனால் முன்வரிசை முழுக்க அவள் சொன்னதைப் பார்த்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வேன்? அவள் கைகளுக்கு நான்தானே வாய்?

மைக்கைப் பிடித்து அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்: "ஒண்ணும் கேக்கல. பலகை ஆடுச்சு. இவர் ஏன் கோபமா இருக்கார்? நான் தப்பு செஞ்சேனா?"

சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. வாலுவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். 

ஜூன் 30

போதகர் வந்தார். "கொஞ்ச நாள் மேடைக்கு வர வேண்டாம்மா. சபைப் பெரியவங்க ரொம்பக் கோபமா இருக்காங்க." சரி என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 2

முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் ஆராதனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் கணவர்தான் வேதம் வாசித்தார், கையால். அத்தை அறையைவிட்டு வெளியே வரவில்லை.

ஜூலை 5

அத்தை என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறார்.

ஜூலை 9

இன்றும் எல்லோரும் வந்திருந்தார்கள். சமையலறையில் டீ போடப் போனேன். அடுப்பருகே நின்ற அத்தை, "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். அவர் குரலைக் கேட்டே எத்தனை நாளாகிவிட்டது!

தன் சேலையைக் கைநிறையப் பிடித்து இருமுறை இழுத்தார். பிறகு அதே கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தார்.

"உன் புருஷன் சின்னதுல ஒவ்வொரு கூட்டத்துலயும் எங்கிட்ட இப்படித்தான் செய்வான். மேடையில நிக்கும்போதும் செய்வான். அடம்பிடிக்கறான்னு நெனச்சு அடிச்சிருக்கேன். இது என்ன பாஷை?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் சைகைகளில் அப்படி ஒன்று இல்லை. கூடத்துக்குப் போய் என் கணவரிடம் செய்து காட்டினேன்.  சின்ன வயதில் அவருக்குச் சைகை கற்றுக்கொடுக்க யாரும் இல்லையாம். தானாகவே உண்டாக்கிக்கொண்டதாம். அர்த்தத்தைச் சொன்னார்.

திரும்பி வந்து அத்தையிடம் சொன்னேன்: "சேலைய இழுத்தா அம்மா, கன்னத்துல கை வெச்சா வீடு. அம்மா, வீட்டுக்குப் போலாம்னு சொல்லியிருக்கார்."

 அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அத்தனை பேருக்கு நடுவில் மகன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். மகனின் சட்டையைப் பிடித்து இருமுறை இழுத்தார்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. நான்தான் துடைத்தேன்.